இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த வாஷர்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

லேப் சாவிகள் எந்தெந்தப் பூட்டுக்கு உரியவை, ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்தப் பக்கம்வரை சரிபார்த்தாயிற்று, ஓடாத தையல் மெஷின்களின் எண்கள், எந்த மின்விசிறிக்குக் கீழே துணியை எடை போடக்கூடாது என்பது எல்லாம் ஃபைலில் இருக்கிறது. மொத்தம் பதினொரு தாள்கள். எட்டு ஆண்டுகள் இந்த ஆடைத் தொழில்நுட்பத் துறையில் பாடம் நடத்தியாகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறேன். "ரிட்டையர் ஆகிற வயசானவங்களாட்டம் அறிவுரை எல்லாம் எழுதி வெச்சிட்டுப் போகாதீங்க மேடம்" என்று ஆபீஸ் அக்கா கேலி செய்தார். முப்பத்திரண்டு வயதில் அறிவுரை சொல்ல எனக்கும் கூச்சம்தான். ஆனால் நான் செய்த ஒரு தவறை எழுதி வைக்கலாம். அதே இடத்தில் நீங்களும் ஒரு நாள் உட்காரப் போகிறீர்கள்.

உங்களில் வயதில் இளையவருக்கு விழுமியக் கல்வி என்ற தாள் வந்து சேரும். எல்லோரும் தள்ளிவிடுகிற பாடம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் எனக்கு வந்தது. சனிக்கிழமை, கடைசி வகுப்பு. நேர்மை, காலந்தவறாமை, பெரியோரை மதித்தல் என்று புத்தகத்தில் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள். ஒரு சனிக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு, "உங்க வீட்டுக் கம்பெனியில ஆடிட்டுக்கு முதல் நாள் என்ன நடக்கும்? ஆளாளுக்குச் சொல்லுங்க" என்றேன்.

இந்த ஊருக்கு நீங்கள் புதிது என்றால் ஒரு விளக்கம். வெளிநாட்டில் பனியன் வாங்குகிற கம்பெனிகள் தங்கள் ஆளை அனுப்பி, இங்கே தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை, கழிப்பறை எத்தனை, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். அதுதான் ஆடிட். இங்கே பாதிப் பிள்ளைகள் அதற்கு நடுவில் வளர்ந்தவர்கள்.

தூக்கம் போய்விட்டது. காங்கயம் ரோட்டில் சொந்தமாகக் கம்பெனி வைத்திருப்பவரின் மகன் பிரபு முதலில் எழுந்தான்.

"எங்க கம்பெனில தீயணைக்கிற சிலிண்டர் மொத்தமே நாலுதானுங்க மேம். ஆடிட்டர் முன்படியில ஏறுவாரு. நாங்க கீழ இருக்கறதத் தூக்கிட்டுப் பின்படியில மேல ஓடுவோம். ஏழாவது படிக்கறப்ப இருந்து அது என்ற டூட்டிங்க."

உடுமலைப்பேட்டையிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண், "எங்க மாமன் கம்பெனில ரெஸ்ட் ரூம் கட்டில் எங்க ஊட்டுக் கட்டிலுங்க மேம். ஆடிட் அன்னைக்கு எங்கப்பாவுக்குத் தரைதான்" என்றாள்.

கடைசி பெஞ்சில் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். திசையன்விளைப் பக்கமிருந்து ஆறு வயதில் குடும்பத்தோடு இங்கே வந்தவள். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குவது. லீவு நாட்களில் இவளும் அதே கம்பெனியின் லேபில் வேலை பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சொந்தக் கம்பெனிக் கதை கிடையாது. எதிர்ப்பக்கத்துக் கதை இருந்தது.

"எங்களுக்குக் கேள்வி பதில் பேப்பரே குடுப்பாங்க மேம். ஓவர்டைம் உண்டா? கிடையாது. சூப்பர்வைசர் ஏசுவாரா? அவர் எங்களுக்கு அண்ணன் மாதிரி."

செய்தி வாசிப்பதுபோல அந்தக் குரலை அவள் எடுத்ததும் வகுப்பே குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின், "இதெல்லாம் தப்பா, இல்லையா?" என்று கேட்டேன்.

பிரபு யோசித்துத்தான் சொன்னான். "தப்புன்னு எப்படிங்க மேம் சொல்றது? விருந்தாளி வர்றாங்கன்னா ஊட்டைக் கூட்டிப் பாயை உதறிப் போடறதில்லீங்களா? அது மாதிரிதானுங்க."

அதற்குள் பெல் அடித்துவிட்டது. பதில் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து நம் துறைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. பாடத்திட்டத்தில் சொல்லியிருக்கும் மெஷின்கள் லேபில் இருந்தால்தான் இன்னொரு வகுப்பு தொடங்க அனுமதி. நம்மிடம் பாதிகூட இல்லை. அப்போதிருந்த துறைத் தலைவர் நல்ல மனிதர். ஹாஸ்டல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் வீட்டிலிருந்து ரசம் சாதம் தூக்குவாளியில் கொண்டுவருகிறவர். என்னைக் கூப்பிட்டு, "லிஸ்ட் போடறதுல நீதான் கெட்டிக்காரி கண்ணு. நம்மகிட்ட என்னென்ன இல்ல, எந்தப் புள்ள ஊட்ல அது இருக்குன்னு எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒன்பது மெஷின்கள். இடப்பக்கம் மெஷின் பெயர், நடுவில் மாணவர் பெயர், வலப்பக்கம் திருப்பிக் கொடுத்த தேதி. அடுத்தவர் பொருள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று அந்தக் கடைசிப் பத்தியை நானாகத்தான் சேர்த்தேன். ஒரே தாளில் எல்லாம் அடங்கியதில் எனக்குத் திருப்தி. மனசாட்சி எதுவும் உறுத்தவில்லை. பெற்றோர்கள் தங்கள் டெம்போவில், தங்கள் ஆட்களை வைத்தே ஏற்றி அனுப்பினார்கள். "நம்ம புள்ளைங்க காலேஜுங்க" என்றார்கள். பெரிய மெஷின் பிரபுவின் அப்பா அனுப்பியது. துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று சோதிக்கிற வாஷர். அதன்மேல் இருந்த கம்பெனிப் பெயரை மறைத்துக் கல்லூரி ஸ்டிக்கரை ஒட்டியது என் கைதான்.

வந்த குழுவில் மூன்று பேர். அவர்களில் மெல்லிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வாஷர் பக்கத்தில் நின்றார். அதை ஓட்டத் தெரிந்தவள் ஜெயசீலிதான் என்பதால் அவளை அங்கே நிறுத்தியிருந்தோம். அவள் ஓட்டிக் காட்டியபின், "இது எவ்வளவு நாளா இங்க இருக்கும்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா இருக்கு சார். வாரத்துக்கு ரெண்டு தடவை நாங்க டெஸ்ட் பண்ணுவோம். மேடம் பக்கத்துலயே நின்னு பாத்துக்குவாங்க."

கடைசி வாக்கியத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் குறித்துக்கொண்டு நகர்ந்தார். மாலையில் எல்லோருக்கும் லட்டு. "தங்கமான புள்ள" என்றார் துறைத் தலைவர். நான் அவள் முதுகில் தட்டி, "நல்லா சொன்னே" என்றேன். மறுநாள் காலை டெம்போ வந்து வாஷரைத் திரும்ப எடுத்துப் போனது. என் தாளில் தேதி போட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் இறுதிப் ப்ராஜெக்ட்கள் என் மேசைக்கு வந்தன. ஜெயசீலியின் தலைப்பு, மூன்று வகைப் பின்னல் துணிகள் துவைக்கத் துவைக்க எவ்வளவு சுருங்குகின்றன என்பது. நாற்பது சாம்பிள், ஒவ்வொன்றையும் ஐந்து முறை துவைத்து அளந்த அட்டவணைகள். அழகான ரிப்போர்ட். எனக்கு எதைப் படித்தாலும் முதலில் தேதிகளைப் பார்க்கிற பழக்கம். சோதனை நடந்த இடம், கல்லூரி லேப். நடந்த நாட்கள் எல்லாம் வாஷர் திரும்பிப் போன பிறகு.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, இன்னும் பத்து நாள் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்து துணி வாங்கி அனுப்பும் ஒரு பையிங் ஹவுஸின் லேபில் அவளுக்கு வேலை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. டிகிரி கையில் வந்தால் ஜூனில் சேரலாம். ப்ராஜெக்ட்டில் தவறினால் இன்னொரு வருடம். அந்த ஒரு வருடத்தைத் தள்ளக்கூடிய நிலையில் அந்த வீடு இல்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியைப் பார்த்துப் பார்த்து அம்மாவின் கண் மோசமாகி, வேலையை விடச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ரிப்போர்ட் பொய் என்று காட்ட ஒரே சாட்சி என் தாள். அதைக் காட்டினால் இன்ஸ்பெக்ஷன் பொய் என்பதும் வெளியே வரும்.

மதிய இடைவேளையில் அவளை லேபுக்குக் கூப்பிட்டேன்.

"இந்த டெஸ்ட்டெல்லாம் எங்கே பண்ணினே?"

"இங்கதான் மேம்."

"எந்த மெஷின்ல?"

வாஷர் நின்ற இடத்தை அவள் பார்த்தாள். தரையில் அதன் நான்கு கால்களின் தடம் இன்னும் போகவில்லை. "ரெண்டு வருஷமா இருக்குற மெஷின்ல மேம்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது வேற, இது வேற" என்று குரலை உயர்த்தினேன்.

வகுப்பில் எல்லோரையும்போலப் பேசுகிற பெண் அவள். கோபம் வந்ததும் வீட்டுப் பேச்சு வந்தது. "எப்படி மேம் வேற? அன்னைக்கு நான் பொய் சொன்னதுக்கு முதுகுல தட்டினிய. லட்டு குடுத்திய. இன்னைக்கு அதே பொய்ய எழுதிக் கொண்டாந்தா ஏசுதிய. எது எப்பம் பொய்யின்னு நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவளே தணிந்து சொன்னாள். ஆறு சாம்பிளை வீட்டு வாளியில் துவைத்து அளந்திருக்கிறாள். மெஷின் கேட்டு அம்மாவின் கம்பெனி உட்பட இரண்டு கம்பெனிகளுக்குப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் வா என்றார்களாம். "நாலு அடுத்த வாரம் போயிருச்சு மேம். பிரபு மாதிரி எங்க வீட்டுல மெஷின் இல்லையே." கல்லூரி கேட்டபோது ஒரே காலையில் ஒன்பது மெஷின்கள் வந்து இறங்கியது எங்கள் இருவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

துறைத் தலைவரிடம் போனேன். "பாஸ் போட்டு உடு கண்ணு, பாவம் புள்ள. மொதல்ல அந்த லிஸ்டக் கிழிச்சுப் போடு" என்றார். என்மீதும் அவள்மீதும் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். அதனால்தான் மறுத்துப் பேசக் கஷ்டமாக இருந்தது. இந்த ஊரில் மிரட்டித் தவறு செய்ய வைக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டீ கொடுத்து, உட்காரவைத்து, நம் நல்லதுக்கென்றே சொல்லுவார்கள். அதற்கு இல்லை என்று சொல்லப் புத்தகத்தில் பாடம் கிடையாது.

மறுநாள் பிரபுவின் அப்பாவைப் பார்க்கப் போனேன். முருகன் படம் போட்ட காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து பட்டன் எண்ணிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. உக்காருங்க. பையன் ஏதாச்சும் வம்பு பண்ணிட்டானுங்களா?"

"இல்லீங்க. ஒரு மாணவிக்கு உங்க வாஷர் எட்டு நாள் வேணுங்க. சுருக்க டெஸ்ட் ரிப்போர்ட் எழுதணும்."

"ரிப்போர்ட்டுதானுங்களே? அதுக்கு எதுக்குங்க எட்டு நாளு? நம்ம லெட்டர்ஹெட்ல நானே போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தந்தறனுங்க. புள்ளைய எதுக்கு வெயில்ல அலைய உடறீங்க?"

"டெஸ்ட் பண்ணித்தாங்க எழுதணும்."

"பண்ணுனாலும் அதே நம்பர்தானுங்களே வரும்?"

"வராதுங்க."

"எனக்கு வர்ற ரிப்போர்ட்டுல எல்லாம் வருதுங்களே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கொஞ்சம் சங்கடப்பட்டார். "சரிங்க. காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க. பத்து வரைக்கும் வாஷர் சும்மாதான் நிக்குது."

எட்டு நாளும் அவர் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணுக்கு டிபன் வந்தது. நடுவில் கரண்ட் போனால் துவைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாம் நாள் ஜெயசீலி துணித் துண்டுகளோடு என் மேசைக்கு ஓடிவந்தாள். "மேம், இந்த மூணாவது துணியப் பாருங்க. சதுரமா வெட்டுனது கோணலா நிக்கி!" பழைய ரிப்போர்ட்டில் மூன்று துணிகளும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. நிஜத்தில் மூன்றாவது, அவள் எழுதி வைத்ததைப்போல இரண்டு மடங்கு சுருங்கியது. அது பிரபுவின் அப்பா கம்பெனித் துணி. அவரிடமே கொண்டுபோய்க் காட்டினாளாம். "அட, இதைத்தானே போன மாசம் கப்பல் ஏத்துனோம்" என்று தலையைச் சொறிந்தாராம்.

வைவா அன்று பல்கலைக்கழகம் அனுப்பிய தேர்வாளரைப் பார்த்ததும் துறைத் தலைவரின் முகம் மாறியது. மெல்லிய மூக்குக்கண்ணாடி. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதே மனிதர்.

ஜெயசீலியின் புது ரிப்போர்ட்டைப் புரட்டியவர், சோதனை நடந்த இடம் என்ற வரியில் நின்றார். ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

"இந்த வாஷர் உங்க லேப்லயே இருக்கேம்மா. நீதானே எனக்கு ஓட்டிக் காட்டினே? எதுக்கு வெளியே போனே?"

துறைத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜெயசீலியின் கை மேசைமேல் இருந்த துணித் துண்டை அழுத்திப் பிடித்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"அது இரவல் சார்" என்று நான் சொன்னேன். "ஒரு நாளைக்கு வந்தது. லிஸ்ட் போட்டது நான். இந்தப் பொண்ணு அன்னைக்குச் சொன்னது எங்களுக்காகச் சொன்னது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு ஜெயசீலியிடம், "மூணாவது துணி மட்டும் ஏன் இப்படிச் சுருங்குது?" என்று கேட்டார். இருபது நிமிடம் துருவினார். அவள் திணறித் திணறிப் பதில் சொன்னாள். நடுத்தரமான மதிப்பெண். தேறிவிட்டாள். ஜூனில் வேலைக்கும் சேர்ந்தாள்.

லேப் முழுமையாகும்வரை புது வகுப்பு கிடையாது என்று பிறகு கல்லூரிக்குக் கடிதம் வந்தது. எனக்கு நிர்வாகத்திடமிருந்து ஒரு மெமோ வந்தது. துறைத் தலைவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்குமேல் அவரால் முடியவில்லை. நீங்கள் இப்போது லேபில் பார்க்கிற வாஷர் இரண்டு ஆண்டு கழித்து வாங்கியது. இதையெல்லாம் வைத்து நான் துணிந்து உண்மை சொன்ன கதை என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அன்று அறையைவிட்டு வெளியே வரும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வராந்தாவில் ஜெயசீலி நன்றி சொல்லுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மேம் நீங்க சொன்னிய?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"நான் வாயத் தொறந்தேன்ல. பாத்திய தானே?"

"பார்த்தேன்."

"என்ன சொல்லப் போறேன்னு நெனச்சிய?"

நான் கீழே விழுந்திருந்த ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"பொய் சொல்லிருவேன்னு நெனச்சிட்டிய." குரலில் கோபம் இல்லை. "நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியணும்னு இருந்துச்சு மேம். இனிமே தெரியாது."

எனக்கும் தெரியாது. ஓராண்டு முழுக்கச் சனிக்கிழமைகளில் எதைக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேனோ அது அவளிடம் இருந்ததா என்று பார்க்க ஒரே ஒரு தருணம் வந்தது. அதில் நான் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். உங்கள் மாணவர் ஒருவர் அந்த அறையில் வாயைத் திறக்கும்போது, உங்களுக்கு எவ்வளவு படபடப்பாக இருந்தாலும், தயவுசெய்து பொறுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு உங்கள் பங்கைச் சொல்ல நேரம் இருக்கும்.

துணிகளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல மேம். பசிக்கி" என்றாள்.

கேன்டீனுக்குப் போனோம். நான்கு பஜ்ஜி சாப்பிட்டாள். அந்த மூன்றாவது துணி ஏன் கோணலாகிறது என்பதற்குத் தேர்வாளரிடம் சொல்லாமல் விட்ட இன்னொரு காரணத்தை, எண்ணெய்க் கையால் மேசைமேல் படம் போட்டு எனக்கு விளக்கினாள். காரணம் சரியாகத்தான் இருந்தது.